சொடுக்கு இல்லாத கியர்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ரோடு சைக்கிள் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கியரைப் பற்றியவை. எல்லாமே ஹேண்டிலிலிருந்து பெடல் அச்சுக்குச் சரிந்து இறங்கும் குழாயில் இரண்டு சின்ன லீவர்கள் கொண்ட வண்டிகள். பதில்களில் வரும் சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய சக்கரம் செயின்வீல். பின் சக்கரத்தின் நடுவில் திருகி மாட்டியிருப்பது ஃப்ரீவீல். அதில் அடுக்கியிருப்பவை பல்சக்கரங்கள்; சுருக்கமாகப் 'பல்' என்றும் சொல்வோம். செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது டீரெய்லர். பின் டீரெய்லரின் கூண்டுக்குள் சுற்றும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் ஜாக்கிகள். அந்த டீரெய்லர் ஃப்ரேமில் தொங்கும் இடம் காது.

கேள்வி: லீவரை நகர்த்தினால் 'டக்' என்ற சொடுக்கே இல்லை. எந்த கியரில் இருக்கிறேன், சரியாக விழுந்ததா என்று எதுவும் தெரியவில்லை. இதை எப்படித்தான் ஓட்டுவது?

பதில்: உங்கள் லீவர் உராய்வில் நிற்கும் வகை. எங்கே விடுகிறீர்களோ அங்கேயே நிற்கும். சொடுக்கு இருக்கும் வண்டியில் லீவர் செய்கிற வேலையை இங்கே உங்கள் செவியும் விரலும் செய்கின்றன.

முதலில் திசை. இரண்டு லீவரையும் முன்பக்கம் தள்ளினால் கேபிள் தளரும், பின்பக்கம் இழுத்தால் இறுகும். வலது லீவர் பின் டீரெய்லருக்கு. இழுத்தால் செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏறும், மிதி லேசாகும். இடது லீவர் முன் டீரெய்லருக்கு. அதை இழுத்தால் செயின் பெரிய செயின்வீலில் ஏறும், மிதி கனக்கும். ஒரே அசைவுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிர் விளைவு என்பதால் ஆரம்பத்தில் எல்லோரும் குழம்புவார்கள். 'பெரியது ஏற இழு, சிறியது இறங்கத் தள்ளு' என்று செயினை வைத்து நினைவு வைத்துக்கொண்டால் இரண்டு கைக்கும் ஒரே விதிதான். சன்டூரின் ஸ்பிர்ட் போன்ற சில பழைய முன் டீரெய்லர்களில் மட்டும் ஸ்பிரிங் தலைகீழாக வேலை செய்யும். அவற்றில் இடது லீவரை இழுத்தால் செயின் சின்ன செயின்வீலுக்கு இறங்கும்.

மாற்றும்போது கால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அழுத்தம் பாதியாகக் குறைய வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு அப்படிச் செய்தால் போதும். எழுந்து நின்று மிதிக்கும்போது மாற்றாதீர்கள். மிதிக்காமல் உருளும்போதும் லீவரைத் தொடாதீர்கள். அப்போது டீரெய்லர் நகர்ந்துவிடும், செயின் நகராது. அடுத்த மிதியில் இரண்டும் முட்டிக்கொண்டு 'படார்' என்று ஏறும்.

1980களின் இறுதிக்கு முந்தைய பல்சக்கரங்கள் பெரும்பாலானவற்றில் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. செயினைக் கைப்பிடித்து ஏற்றிவிடும் சரிவுகள் அவற்றின் பக்கவாட்டில் கிடையாது. ஆகவே பெரிய பல்லுக்கு ஏற்றும்போது தேவைக்குச் சற்று அதிகமாக இழுக்க வேண்டும். செயின் ஏறிய மறுகணம் லீவரை ஓர் இம்மி முன்னால் விட வேண்டும். 'இழு, ஏறட்டும், கொஞ்சம் விடு' என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு மாற்றம். சின்ன பல்லுக்கு இறங்குவது சுலபம். செயின் விழும்வரை விட்டு, சத்தம் கேட்டால் மட்டும் திருத்தினால் போதும்.

சரியாக நிற்கும் கியர் பேசாது. 'டிக் டிக்' என்று ஒழுங்கான இடைவெளியில் தட்டினால் செயின் பக்கத்துப் பல்லைத் தொடுகிறது. 'கர்ர்' என்று அரைத்தால் ஜாக்கி இரண்டு பல்லுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் திருத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் இம்மியளவு நகர்த்துங்கள். சத்தம் கூடினால் மறுபக்கம்.

ஒற்றைக் கையால் ஓட்டும் அந்த ஒரு நொடிக்கு, இடது கை ஹேண்டிலின் மேல்பகுதியில், நடுத்தண்டுக்கு அருகே இருக்கட்டும். ஓரத்தைப் பிடித்திருந்தால் உடல் குனியும்போது ஹேண்டில் திரும்பிவிடும். வலது கையைக் கீழே கொண்டுபோய், உள்ளங்கையைக் குழாயில் சாய்த்து, விரலால் லீவரை இழுங்கள். குழாயைத் தொட்டபடி இருந்தால் குண்டும் குழியுமான சாலையில் லீவர் எகிறாது. கண் சாலையில்தான் இருக்க வேண்டும். இடது லீவரையும் அதே வலது கையால் மாற்றப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

கேள்வி: மேட்டில் அழுத்தி மிதித்தால் கியர் தானாகவே கனமான கியருக்குப் போய்விடுகிறது. மீண்டும் இழுத்து வைத்தால் பத்து மிதியில் அதே கதை.

பதில்: லீவர் வழுக்குகிறது. பின் டீரெய்லரின் ஸ்பிரிங் எப்போதும் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது லீவருக்குள் இருக்கும் வாஷர்களின் உராய்வு மட்டுமே. மேட்டில் அழுத்தும்போது பெடல் அச்சைச் சுற்றி ஃப்ரேம் லேசாக வளைகிறது. கேபிளின் பாதை ஒரு கணம் நீள்வதும் குறைவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு மிதியும் லீவருக்கு ஒரு சின்னத் தட்டு. பத்துத் தட்டில் அது முன்னால் நகர்ந்து, செயின் சின்ன பல்லில் விழுகிறது.

லீவரின் நடுவில் வளையம் அல்லது இறக்கை போன்ற பிடி உள்ள ஸ்குரு இருக்கும். கால் திருப்பு இறுக்கிப் பாருங்கள். வண்டியில் ஏறும் முன் கையாலேயே சோதிக்கலாம். பின்னால் பெரிய பல்லில் செயினை வைத்து, ஃப்ரேமின் கீழே ஓடும் கேபிளை விரலால் நாலைந்து முறை சுண்டுங்கள். லீவர் அசையாமல் நின்றால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் கியர் மாற்றவே முரண்டு பிடிக்கும், நுட்பமாகத் திருத்தவும் வராது.

இறுக்கியும் வழுக்கினால் கழற்ற வேண்டியதுதான். கழற்றும்போது வாஷர்கள் வரும் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடம் மாறினாலும் லீவர் நிற்காது. பெரும்பாலும் யாரோ நல்லெண்ணத்தில் விட்ட எண்ணெய்தான் உள்ளே இருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்து, உலரவைத்து, அப்படியே மாட்டுங்கள். தேய்ந்து வழவழப்பான ஃபைபர் வாஷர் இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சிம்ப்ளெக்ஸின் ரெட்ரோஃப்ரிக்‌ஷன் லீவரும், சன்டூரின் நுண்பல் ராட்செட் லீவரும் இந்தத் தொல்லைக்காகவே வந்தவை. இழுக்கும் திசையில் லேசாகவும் விடும் திசையில் பிடிப்பாகவும் இருக்கும். பழைய சாமான் கூடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கேள்வி: நடுவில் உள்ள இரண்டு பல்லில் மட்டும் சத்தம். டீரெய்லரில் இருக்கும் இரண்டு ஸ்குருவையும் மாற்றி மாற்றித் திருகினேன். சத்தம் போகவில்லை, இப்போது கடைசிப் பல்லுக்கும் செயின் போக மறுக்கிறது.

பதில்: அந்த இரண்டு ஸ்குருவுக்கும் நடுப் பல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவை இரண்டு எல்லைகளிலும் டீரெய்லரைத் தடுக்கும் முளைகள், அவ்வளவுதான். ஒன்று செயின் மிகச் சின்ன பல்லைத் தாண்டி வெளியே விழாமல் பார்க்கும், மற்றது மிகப் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் போகாமல் பார்க்கும். நடுவில் நடப்பதை லீவரும் கேபிளும்தான் தீர்மானிக்கின்றன. பழைய வண்டிகளில் கியர் கோளாறு என்றால் முதலில் கை போவது அந்த ஸ்குருக்களுக்கே. கை கடைசியாகப் போக வேண்டிய இடம் அது.

சக்கரத்தில் தொடங்குங்கள். பின் சக்கரம் ஃப்ரேமில் நேராக உட்கார்ந்திருக்கிறதா? அச்சு ஒரு பக்கம் 2 மி.மீ. பின்னால் இருந்தாலே பல்சக்கர அடுக்கு முழுவதும் கோணலாகும். சரிசெய்து இறுக்குங்கள்.

அடுத்து காது. வண்டி ஒருமுறை வலப்பக்கம் விழுந்திருந்தால் போதும், காது உள்ளே வளைந்திருக்கும். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு ஜாக்கிகளும் அவற்றின் மேலே உள்ள பல்லும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கீழ் ஜாக்கி ஸ்போக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் காது வளைந்துவிட்டது. சரியாக அளக்க ஒரு கருவி உண்டு. டீரெய்லரைக் கழற்றி அதன் மரையிலேயே திருகி மாட்டும் நீண்ட கை அது. அதன் நுனிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரிம்மின் அதே புள்ளியைச் சுற்றிக் கொண்டுவந்து அளந்தால் ரிம்மின் கோணல் கணக்கில் சேராது. வேறுபாடு 4 மி.மீ.க்குள் இருந்தால் போதும். காது இரும்பாக இருந்தால், சக்கரத்தை இறுக்கிய நிலையிலேயே அதே கருவியால் குளிர்ச்சியாக நிமிர்த்தலாம். அலுமினிய ஃப்ரேமில் அதைச் செய்யாதீர்கள், காது உடையும்.

சில மலிவான பழைய ஃப்ரேம்களில் காதே இருக்காது. அச்சின் நட்டுக்கு அடியில் ஒரு தகட்டை மாட்டி, அதில் டீரெய்லரைத் தொங்கவிட்டிருப்பார்கள். தகடு சுலபமாக வளையும். ஒவ்வொரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதும் கொஞ்சம் திரும்பவும் செய்யும். இத்தகைய வண்டியில் சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்றாவது கேபிள். லீவரைத் தளர்வாக விட்டு, கேபிளைக் கையால் இழுத்துவிட்டுப் பாருங்கள். டீரெய்லர் சுணங்காமல் திரும்ப வேண்டும். மெதுவாக வந்தால் உறைக்குள் துரு, அல்லது உறையின் வாய் நசுங்கியிருக்கிறது. இவ்வகை வண்டியில் உறை ஒரே ஒரு துண்டுதான், பின் டீரெய்லருக்கு முன்னால் வளைந்து வரும் அந்தத் துண்டு. நீளம் சுமார் 25 முதல் 30 செ.மீ. வரும். மடிப்பு விழாத அழகான வளைவுக்கு எவ்வளவு தேவையோ அதுவே சரியான நீளம். குட்டையாக இருந்தால் டீரெய்லரை இழுத்துப் பிடிக்கும், நீளமாக இருந்தால் உராய்வு கூடும். வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, நசுங்கிய உள்வாயை ஊசியால் திறந்துவிடுங்கள்.

கேபிள் 1.2 மி.மீ. தடிமனில் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வாங்கும்போது அதன் முனைக் குண்டைப் பாருங்கள். ஷிமானோ வகைக் குண்டு கேம்பக்னோலோ லீவரின் குழிக்குச் சற்றுப் பெரிது. அடித்து உட்காரவைத்தால் பிறகு வெளியே வராது. முன்கூட்டியே அரத்தால் ராவிக்கொள்ளலாம். இன்னொரு எச்சரிக்கை: கியருக்கான புதிய உறைகளில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அதை பிரேக்குக்குப் போட்டால் அழுத்தும்போது உறை பிளந்துவிடும். பிரேக்குக்குச் சுருள்கம்பி உறைதான்.

இவை மூன்றும் சரியாக இருந்து, ஜாக்கிகள் ஆடாமல் சுற்றி, செயினும் தேயாமல் இருந்தால், நடுப் பல்லின் சத்தத்தை லீவரின் ஓர் இம்மி அசைவே அடக்கிவிடும்.

கேள்வி: சரி, அந்த லிமிட் ஸ்குருக்களை எப்படித்தான் வைப்பது? என்னுடையதில் எச், எல் என்ற எழுத்தே இல்லை.

பதில்: கேம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்டு போன்ற பழைய டீரெய்லர்களில் எந்த ஸ்குரு எந்த எல்லைக்கு என்று காட்டும் எழுத்து இருக்காது. அடையாளம் காண எளிய வழி உண்டு. செயினைச் சின்ன பல்லில் வைத்து ஒரு ஸ்குருவை அரைத் திருப்பு உள்ளே திருகுங்கள். டீரெய்லர் அசைந்தால் அது வெளி எல்லைக்கானது. அசையாவிட்டால் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. செயின் சின்ன பல்லில் இருக்கட்டும். பின்னாலிருந்து பார்த்தால் மேல் ஜாக்கி அந்தப் பல்லுக்கு நேர் கீழே, அல்லது அரை மி.மீ. வெளியே இருக்க வேண்டும். பிறகு வலது லீவரை முழுதாக முன்னால் தள்ளி, கேபிளைக் கையால் இழுத்து, தொய்வு மட்டும் போகுமளவு வைத்து இறுக்குங்கள். இங்கே கேபிளைத் தந்திபோல முறுக்கிவிட்டால் லீவர் முழுதாக முன்னே போனாலும் செயின் சின்ன பல்லுக்கு இறங்காது. உடனே ஸ்குருவைக் குறை சொல்வோம்.

உள் எல்லைக்கு, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பெடலை மெதுவாகச் சுற்றியபடி செயினைப் பெரிய பல்லுக்கு ஏற்றுங்கள். ஏற மறுத்தால் ஸ்குருவைக் கால் திருப்பு வெளியே, ஏறி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு டீரெய்லரைக் கையால் ஸ்போக் பக்கம் தள்ளிப் பாருங்கள். ஜாக்கி பல்லைத் தாண்டி 1 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக் கூடாது. உராய்வு லீவரில் அதிகமாக இழுப்பது வழக்கம் என்பதால் இந்த ஸ்குரு தவறினால் செயின் ஸ்போக்கைக் கவ்வும், டீரெய்லர் சக்கரத்துக்குள் சுருண்டு போகும். மற்ற எந்தத் தவறையும் வழியில் நின்று திருத்திக்கொள்ளலாம், இதை முடியாது.

கேள்வி: முன் டீரெய்லரின் கூண்டு ஓயாமல் செயினை உரசுகிறது. பின்னால் கியர் மாற்றினால் உரசல் கூடுகிறது அல்லது போய்விடுகிறது.

பதில்: அது கோளாறு அல்ல. பின்னால் செயின் இடவலமாக நகரும்போது முன்னால் அது கூண்டைக் கடக்கும் கோணமும் மாறும். பின்னால் இரண்டு மூன்று பல் தாண்டியதும் இடது லீவரை 2 மி.மீ. அளவு நகர்த்திக்கொள்வது இந்த வண்டிகளின் ஓட்டுமுறையிலேயே அடக்கம். சொடுக்கு லீவர்களில் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நகர்த்தியும் உரசல் போகாவிட்டால் கூண்டின் நிலையைப் பாருங்கள். வெளித்தகட்டின் கீழ்விளிம்பு பெரிய செயின்வீலின் பற்களுக்கு 1 முதல் 3 மி.மீ. மேலே இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தகடு செயின்வீலுக்கு இணையாக ஓட வேண்டும். அதிக உயரத்தில் இருந்தால் செயின் வெளியே விழும், கோணலாக இருந்தால் உரசும். பிறகு எல்லைகள்: சின்ன செயின்வீலும் பின்னால் பெரிய பல்லும் சேரும்போது உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மி.மீ., பெரிய செயின்வீலும் பின்னால் சின்ன பல்லும் சேரும்போது வெளித்தகட்டில் அதே அரை மி.மீ. சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் உரசினால் செயின்வீல் கோணி இருக்கிறது. டீரெய்லரைத் தொடாதீர்கள்.

கேள்வி: செயின் மட்டும் புதிதாகப் போட்டேன். இப்போது அழுத்தி மிதித்தால் 'கடக்' என்று தாண்டுகிறது. பழைய செயினில் இந்தத் தொல்லை இல்லையே?

பதில்: பழைய செயினும் பழைய பற்களும் சேர்ந்தே தேய்ந்திருந்தன, அதனால் ஒத்துப்போயின. புதிய செயினின் கண்ணிகள் சரியான இடைவெளியில் இருக்கின்றன, பற்கள் இல்லை. அழுத்தும்போது செயின் பல்லின் மேலேறித் தாண்டுகிறது. நீங்கள் அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டு பல்லில் மட்டும் இது நடந்தால் சந்தேகமே வேண்டாம். எந்த ஸ்குருவும் இதைச் சரிசெய்யாது. ஃப்ரீவீலை மாற்ற வேண்டும்.

அடுத்த முறை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஒரு முளையின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள முளையின் நடுவரை புதிய செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். 306.4 மி.மீ. வந்தால் செயினை மாற்றுங்கள், ஃப்ரீவீல் தப்பிக்கும். 308 வரை விட்டால் இரண்டும் போச்சு.

எந்தச் செயின் என்று பலர் கேட்கிறார்கள். 5, 6, 7 பல் அடுக்கு எதுவானாலும் இன்றைய 8 ஸ்பீடு செயின், அதாவது பின்னால் 8 பல்சக்கரம் உள்ள வண்டிக்கான செயின், தாராளமாகப் பொருந்தும். வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ. பழைய செயின்கள் 7.8 வரை இருந்தன. ஒல்லியாகவும் பக்கவாட்டில் வளையக்கூடியதாகவும் இருப்பதால் பழைய டீரெய்லரே திடீரென்று சுறுசுறுப்பாகிவிடும். ஒற்றை கியர் வண்டியின் கால் அங்குலத்தில் பாதி அகலமுள்ள செயின் மட்டும் வேண்டாம்.

கேள்வி: செயின் நீளம் எவ்வளவு?

பதில்: டீரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னால் பெரிய செயின்வீல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து 2 கண்ணி, அதாவது 1 அங்குலம் கூட்டி வெட்டுங்கள். இரண்டு பெரியதும் சேரும்படி மாற்றக் கூடாதுதான். ஆனால் களைப்பில் ஒருநாள் மாற்றிவிடுவீர்கள். அன்று செயின் குட்டையாக இருந்தால் டீரெய்லர் பிய்ந்துவிடும்.

கேள்வி: பற்களின் எண்ணிக்கை முன்னால் 52, 42, பின்னால் 14, 16, 18, 21, 24. மேடு ஏற முடியவில்லை. முன்னால் சின்னதாகப் போடவா, பின்னால் பெரியதாகப் போடவா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மிக லேசான கியர் 42-ஐ 24-ஆல் வகுத்தால் 1.75. ஒரு பெடல் சுற்றுக்குப் பின் சக்கரம் ஒன்றே முக்கால் சுற்று. முன்னால் 39 போட்டால் 1.63, அதாவது 7 சதவீதம் லேசு. பின்னால் 24-க்குப் பதில் 28 போட்டால் 1.5, 14 சதவீதம் லேசு. பின்னால் மாற்றுவதில்தான் பலன் அதிகம்.

அதோடு, முன்னால் 39 பொருந்துமா என்பதே கேள்வி. செயின்வீலைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகளில் பக்கத்துப் பக்கத்து இரண்டின் மையத்திலிருந்து மையத்தை அளங்கள். 84.6 மி.மீ. வந்தால் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 144 மி.மீ.; அதில் 41 பல்லுக்குக் குறைந்த செயின்வீல் ஏறாது. 76.4 வந்தால் வட்டம் 130 மி.மீ.; 38 வரை போகலாம்.

பின்னால் 28 போட உங்கள் டீரெய்லர் இடம் தர வேண்டும். பந்தய வகைக் குட்டைக் கூண்டுகள் பல 26 பல்லோடு நின்றுவிடும். 28 போட்டால் மேல் ஜாக்கி பல்லிலேயே உரசும். சக்கரத்தை அச்சுப் பிளவில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் சிலவற்றில் 28 தப்பிப் பிழைக்கும். முடியாவிட்டால் சன்டூர் வி-ஜிடி போன்ற நீளக் கூண்டு டூரிங் டீரெய்லர் தேடுங்கள், அது 34 வரை ஏறும். டீரெய்லர் சுருட்ட வேண்டிய செயின் அளவையும் பாருங்கள். முன்னால் வித்தியாசம் 10, பின்னால் 28-இல் 14 போக 14, மொத்தம் 24 பல்.

இருக்கிற கியரையே நன்றாகப் பயன்படுத்த ஒரு வழியும் சொல்கிறோம். 52-லிருந்து 42-க்கு இறங்கினால் ஒரே அடியில் 19 சதவீதம் லேசாகும், கால் காற்றில் சுற்றும். முன்னால் இறக்கும் அதே நொடியில் பின்னால் ஒரு பல் கனமாக்குங்கள். 52/18-இல் 2.89, 42/16-இல் 2.63. படி 9 சதவீதமாகச் சுருங்கும். முன்னால் 52, பின்னால் 24 என்ற சேர்க்கை தரும் 2.17 உங்களுக்குத் தேவையே இல்லை. 42/18 தரும் 2.33-ம் 42/21 தரும் 2-ம் அதன் இருபுறமும் இருக்கின்றன, செயினும் கோணலாக ஓடாது.

கேள்வி: இதில் சொடுக்கு லீவர் மாட்டிவிடலாமா?

பதில்: லீவர் மட்டும் மாற்றினால் வேலை செய்யாது. லீவர் ஒரு சொடுக்கில் இழுக்கும் கேபிளின் நீளம், அதற்கு டீரெய்லர் நகரும் தூரம், பல்சக்கரங்களின் இடைவெளி மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். 1984-இல் ஷிமானோ டியூரா-ஏஸ் 7400 வரிசையில் 6 ஸ்பீடு சொடுக்கு முறையைக் கொண்டுவந்தபோது இவை அனைத்தையும் ஒரே தொகுப்பாகத்தான் கொடுத்தது. அந்த வரிசையின் டீரெய்லர் ஷிமானோவின் மற்ற லீவர்களோடுகூட ஒத்துப்போகாது.

பல்சக்கர இடைவெளி 6 ஸ்பீடில் சுமார் 5.5 மி.மீ., 7 ஸ்பீடில் 5, 8 ஸ்பீடில் 4.8. இவற்றைக் கலந்தால் இரண்டு பல்லில் சரியாக விழுந்து மூன்றாவதில் அரைக்கும். உராய்வு லீவருக்கு இந்தக் கவலையே இல்லை. 5 பல் அடுக்கைக் கழற்றிவிட்டு 7 பல் அடுக்கு மாட்டினாலும் அதே லீவர், அதே டீரெய்லர் ஓடும். எங்கள் யோசனை: லீவரை விட்டுவிடுங்கள், பக்கவாட்டுச் சரிவுகள் கொண்ட புதிய 6 அல்லது 7 ஸ்பீடு ஃப்ரீவீல் ஒன்றும் 8 ஸ்பீடு செயினும் போடுங்கள். சொடுக்கில் தேடும் சுகத்தில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

ஃப்ரேமில் பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இரண்டு பக்கங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் முதலில் அளந்துவிடுங்கள். 5 ஸ்பீடு வண்டிகளில் பெரும்பாலும் 120 மி.மீ., சாதாரண 6 ஸ்பீடில் 126. 120-இல் 7 ஸ்பீடு அடுக்கு மாட்டினால் செயின் ஃப்ரேமை உரசும்.

கேள்வி: ஃப்ரீவீலைக் கழற்றவே முடியவில்லை. கருவி வழுக்கிப் பிடிமானம் சிதைந்துவிடும் போலிருக்கிறது.

பதில்: நிறுத்துங்கள், இன்னும் சிதைக்க வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்புக்கும் கருவி வேறு. இரண்டு வெட்டு, நான்கு வெட்டு, உள்ளே வரிப்பல் என்று பல உண்டு. 'கிட்டத்தட்ட பொருந்தும்' கருவி பொருந்தாத கருவிதான். சரியான கருவியை உட்காரவைத்து, அச்சின் நட்டையோ விரைவுக் கம்பியையோ அதன்மேல் விரலிறுக்கமாகப் போடுங்கள். இதைச் செய்யாததால்தான் கருவி வழுக்குகிறது. பிறகு சக்கரத்தை நிமிர்த்தி வைத்து நீண்ட ஸ்பானரால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஒரு முறை 'டக்' என்று விட்டதும் உடனே நட்டைத் தளர்த்துங்கள். அப்படியே தொடர்ந்து திருகினால் நட்டு மாட்டிக்கொண்டு அச்சை முறுக்கும்.

புதியதை மாட்டும் முன் மரையைப் பாருங்கள். இன்றைய ஃப்ரீவீல்களின் விட்டம் 1.375 அங்குலம், அதாவது 34.9 மி.மீ. பழைய பிரெஞ்சு ஹப்களில் (சக்கரத்தின் நடு உருளைகளில்) 34.7. வித்தியாசம் மிகக் கொஞ்சம் என்பதால் திருகினால் ஏறுவதுபோலவே ஏறும். மேட்டில் ஒருநாள் மரையோடு உருவிக்கொண்டு சுற்றும். கையால் சுலபமாக முழுதும் ஏறாத எதையும் ஸ்பானரால் ஏற்றாதீர்கள். மாட்டும்போது மரையில் கிரீஸ் பூசுங்கள், அடுத்த முறை கழற்றும்போது அருமை தெரியும்.

கேள்வி: என் டீரெய்லர் கறுப்புப் பிளாஸ்டிக். பத்திரமா?

பதில்: 1960களில் சிம்ப்ளெக்ஸ் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த வகையாக இருக்கும். மூட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல் உள்ளதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் ஓட்டாதீர்கள். விரிசல் இல்லாவிட்டாலும் அழுத்தத்தில் உடம்பே வளைவதால் பெரிய பல்லுக்கு ஏற மந்தமாகத்தான் இருக்கும். மாற்ற நினைத்தால் காதைக் கவனியுங்கள். சிம்ப்ளெக்ஸ் காதுகள் பலவற்றில் மரை கிடையாது. மற்ற டீரெய்லர்களுக்கு 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடையும் கொண்ட மரை வெட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கெல்லாம் எண்ணெய் விடுவது?

பதில்: செயினின் உட்பக்கத்தில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைச் சில சுற்று சுற்றி, வெளியே தெரியும் எண்ணெய் அத்தனையும் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே ஈரமாக மின்னும் செயின் மண்ணைத்தான் சேர்க்கும். டீரெய்லரின் நான்கு மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு, ஜாக்கிகளின் நடுவில் ஒரு சொட்டு, கேபிள் ஃப்ரேமுக்கு அடியில் திரும்பும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ். லீவருக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.